தொட ஒன்றுமில்லாத படம்

பள்ளிக்கூடத்துக்கு எதிர்வரிசையில், நோட்டுப் புத்தகக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்த அந்த ஸ்டூடியோவுக்கு ஒரு பெயர்ப்பலகை உண்டு. அதை யாரும் படித்ததில்லை. 'டச்சப் கடை' என்றால்தான் வழி சொல்வார்கள். கடைக்காரரின் சொந்தப் பெயரும் அதோடு போயிற்று. பெரியவர்களுக்கு அவர் டச்சப். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு போட்டோ மாமா.

பட்டம் சும்மா வந்துவிடவில்லை. கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் வழுக்கையில் முடி நட்டவர் அவர். ஒரு தடவை ஒருவன் வந்தான். செத்துப்போன அவன் அப்பாவுக்கு இருந்தது ஒரே ஒரு படம், அதிலும் மனிதர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "எப்படியாவது கண்ணைத் தொறந்து குடுங்க" என்று கெஞ்சினான். டச்சப் அசரவில்லை. செத்தவருடைய தம்பியின் படத்திலிருந்து கண்ணை எடுத்து அண்ணன் முகத்தில் வைத்துத் திறந்து கொடுத்துவிட்டார். சுவரில் மாட்டிய பிறகு, "என்னமோ சித்தப்பா முறைக்கிற மாதிரியே இருக்கு" என்று அந்த வீட்டில் பேசிக்கொண்டார்களாம். ஆனாலும் படத்தை யாரும் கழற்றவில்லை.

"கடவுள் அவசரத்துல செஞ்சத நான் உக்காந்து நிதானமா சரி பண்றேன்" என்பார். அவர் மனைவி கல்லாவில் உட்கார்ந்து பாஸ்போர்ட் படங்களைக் கத்தரித்து உறையில் போட்டுக்கொண்டே, "அப்ப உங்க மூக்க எப்ப சரி பண்ணப் போறீங்க?" என்று கேட்பார். இரண்டு பேருக்கும் பிள்ளை இல்லை. அதனாலோ என்னவோ, வருஷத்துக்கு ஒரு முறை வரும் பள்ளிக்கூட வேலை என்றால் டச்சப்புக்கு உயிர். அடையாள அட்டைக்கு ஒரு சின்னப் படம், வீட்டுக்கு ஒரு பெரிய படம். பள்ளிக்கூட வராந்தாவில் சாம்பல் நிறத் திரையைத் தொங்கவிட்டு, ஸ்டூலைப் போட்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை பிள்ளைகளைச் சிரிக்கவைத்துச் சிரிக்கவைத்து வாய் வலித்து வீடு திரும்புவார்.

தொழிலில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. தானாகப் போய்விடக்கூடியதை மட்டும்தான் முகத்திலிருந்து எடுப்பார். பரு, கொசுக்கடி, சிராய்ப்பு, கட்டி எல்லாம் போகும். மச்சத்தையும் பிறவித் தழும்பையும், யாராவது காசு கொடுத்துக் கேட்டாலொழிய, தொடமாட்டார். "நாலு நாள்ல போகப்போறத நான் இன்னிக்கே போகச் சொல்றேன், இதுல என்ன பொய்யி?" என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார். கேட்டவர்களுக்கு அது சரியாகத்தான் பட்டது. எனக்கும் ஒரு காலத்தில் பட்டது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் உடம்பு பெரிசு, வயிறு சிறிசு. பள்ளிக்கூடம் முழுவதையும் இரண்டு தடவை சேமிக்க அதில் இடம் கிடையாது. அதனால் சரி செய்த படத்தை அசல் படத்தின் மேலேயே சேமித்துவிடுவார். அதற்குப் பிறகு அசல் என்ற ஒன்று உலகத்திலேயே இராது. இந்த இரண்டு பழக்கத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் அணில் என்று பெயர். முன்பல் இரண்டும் அப்படி. முதல் வருஷம் அவள் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்ததும், சொல்வதற்கு முன்னாலேயே சிரித்துவிட்டாள். இடது கன்னத்து எலும்பின் மேல் மஞ்சளும் பச்சையுமாக ஒரு திட்டு இருந்தது.

"என்னம்மா இது?"

"கதவு, மாமா."

"கதவு வந்து உன்ன முட்டுச்சா, நீ போயி கதவ முட்டினியா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கதவுதான் வந்துச்சு."

வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். டச்சப்பும் சிரித்தார். கடைக்கு வந்து திட்டை எடுத்தார், அசலின் மேல் சேமித்தார், அடுத்த பிள்ளைக்குப் போனார்.

பெரிய படத்தை வாங்க அவள் அப்பா வந்தார். கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தவர். இஸ்திரி கலையாத சட்டை, மெல்லிய குரல். யாரும் சொல்லாமலே செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வரும் மனிதர். பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கத்தில் பொருளாளர். மகளுடைய படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா வந்திருக்கு சார். இவங்கம்மாவுக்கு அனுப்பணும்" என்றார். அம்மா வெளிநாட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிற காலம் இன்னும் வரவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் போனில் குரல், வருஷத்துக்கு ஒரு நாள் தபாலில் படம், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை லீவு, இவ்வளவுதான் அவளுக்கும் மகளுக்கும் இருந்த உறவு.

இரண்டாம் வருஷம் அவர் முன்கூட்டியே கடைக்கு வந்துவிட்டார். "பொண்ணு விளையாடறப்போ விழுந்து ஒதட்டக் கிழிச்சுக்கிட்டா சார். படத்துல தெரிஞ்சா அவங்கம்மா பதறிடுவா. தூரத்துல கெடக்கறவ, பாவம். கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க."

அவர் போன பிறகு டச்சப் மனைவியிடம் சொன்னார்: "பாத்தியா, பொண்டாட்டி மேல எவ்வளவு அக்கறை. நீ ஊருக்குப் போனா நான் இப்படி நெனப்பேனா?"

"நெனக்க மாட்டீங்க" என்றார் மனைவி. பிறகு, கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே, "போன வருஷம் கதவு, இந்த வருஷம் விளையாட்டு. படம் எடுக்கற நாளுக்குன்னு பாத்து விழுவாளா ஒரு பொண்ணு?" என்று கேட்டார்.

"பிள்ளைன்னா விழத்தான் செய்யும்."

"நம்ம கண்ணுல வருஷத்துக்கு ஒரு நாள் படறா. அந்த ஒரு நாள்லயே இப்படின்னா?"

பதில் இல்லாத கேள்விக்கு எல்லா ஆண்களும் செய்வதைத்தான் அவரும் செய்தார். "படம் எடுக்கறது நம்ம வேலை. பஞ்சாயத்து பண்றது நம்ம வேலையில்ல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மூன்றாம் வருஷம் அணில் சிரிக்கவில்லை. பல் தெரியாமல் உதட்டை மட்டும் இழுத்துக்கொண்டாள். தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. டச்சப்புக்கு ஒரு வழக்கம், பிள்ளைகளின் நாடியை இரண்டு விரலால் தொட்டு முகத்தைத் திருப்பி நேராக வைப்பார். அன்றும் கையை நீட்டினார். அவ்வளவுதான், அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு தோளைக் காதுவரை தூக்கிவிட்டாள். நீட்டிய கை நடுவிலேயே நின்றது. பின்னால் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் இரண்டடி பின்னால் வந்து, "நீயே நேரா வெச்சுக்கம்மா" என்றார். வைத்துக்கொண்டாள். எவ்வளவு சமர்த்து என்று அந்த நேரத்திலும் தோன்றியது அவருக்கு.

கடையில் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தாடைக்குக் கீழே, காதிலிருந்து கழுத்துப் பக்கமாக, ஊதா நிறத்தில் கோடுகள். அவர் திரையைச் சுருக்கினார், மறுபடி பெரிதாக்கினார். பிறகு தன்னுடைய வலது கையைத் தூக்கித் திரைக்கு முன்னால் பிடித்துப் பார்த்தார். நாலு கோடுகளும் நாலு விரலுக்குச் சரியாக இருந்தன. ஒரு பெரிய ஆளுடைய கை. கதவுக்கு விரல் கிடையாது.

அன்றைக்கு அவர் கொஞ்ச நேரம் நல்ல மனிதராக இருந்தார், அதை நான் மறைக்கவில்லை. எழுந்து நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனார். தலைமையாசிரியை அறையில் நின்றுகொண்டு, தொண்டையைச் செருமி, விஷயத்தைச் சொன்னார்.

தலைமையாசிரியை கெட்டவரல்ல. அதுதான் கஷ்டம். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பொறுமையாகப் பேசினார். "தனியா ஒரு பொண்ண வளக்கறாரு. மார்க்கு கொறஞ்சா ரெண்டு போடுவாராயிருக்கும். அடிக்கிற கைதான் அணைக்கும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? நம்ம ஸ்கூலுக்கு தண்ணி மெஷின் வாங்கிக் குடுத்தது யாருன்னு நெனக்கறீங்க? நீங்க போயி நாலு பேருகிட்ட சொன்னா, நாளைக்கு அந்தப் பொண்ணு பேருதான் கெடும். அட்டை வெள்ளிக்கிழமை வேணும், மறந்துடாதீங்க."

அடிக்கிற கைதான் அணைக்கும். இந்தப் பழமொழியைக் கண்டுபிடித்தவன் அடித்தவனாகத்தான் இருக்க வேண்டும், அடி வாங்கியவன் இல்லை. அந்த அணைப்புதானே பிள்ளையின் வாயைக் கட்டுகிறது. அடித்துவிட்டு, அழுது, மடியில் உட்காரவைத்து, மருந்து தடவிவிடும் அப்பாவை எந்தப் பிள்ளை காட்டிக்கொடுக்கும்? அதிலும் இவர் கடை நிறைய மருந்து வைத்திருந்தவர்.

திரும்பும் வழியில் வராந்தாவில் சாம்பல் திரையைக் கழற்றினார் டச்சப். பின்னால் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. பிள்ளைகளை யாராவது துன்புறுத்தினால் கூப்பிட வேண்டிய நம்பர், கூடவே சிரித்த முகத்தோடு ஒரு பொம்மைக் குழந்தை. மூன்று வருஷமாக அதன் மேல்தான் திரையைத் தொங்கவிட்டிருக்கிறார். நம்பரைக் குறித்துக்கொண்டு கடைக்கு வந்து போனைச் சுழற்றினார். மறுமுனையில் ஒரு பெண், "சொல்லுங்க, எங்கேருந்து பேசறீங்க?" என்று கேட்டாள். எங்கேயிருந்து என்று சொன்னால் பள்ளிக்கூடம் தெரியும், பள்ளிக்கூடம் தெரிந்தால் சொன்னது யார் என்று தெரியும், அடுத்த வருஷம் திரையை வேறு ஒருவன் தொங்கவிடுவான். "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார்.

அழைத்ததே அவர். அவரே ராங் நம்பர் என்றார்.

வெள்ளிக்கிழமைக்கு அட்டை வேண்டும். மத்தியானம் உட்கார்ந்தார். நாலு கோட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தார். ஊதா நிறம் எளிதில் போகாது, சுற்றியுள்ள தோலின் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து நிரப்ப வேண்டும். நிரப்பினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். கை தேர்ந்தவனுக்கு முடியும். மனைவி பின்னால் வந்து நின்று பார்த்தார். அன்று சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

அடுத்த வருஷப் படத்துக்கு முன்னாலேயே, அணிலைக் கை முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்று அப்பா சொன்னார். மாடிப்படியில் விழுந்தேன் என்று அவளும் சொன்னாள். எதிர்வீட்டுப் பெண்மணிக்கு அன்று கேட்ட சத்தம் படியில் விழுந்த சத்தம் இல்லை. எப்படியோ அவள் அம்மாவின் நம்பரைத் தேடிப் பிடித்து வெளிநாட்டுக்குப் போன் போட்டுவிட்டார். நர்ஸம்மா வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து இறங்கினாள்.

இனிமேல் அந்த மருந்துக்கடைக்காரனுக்கு என்னால் 'அவர்' போட முடியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மத்தியானம் நர்ஸம்மா ஸ்டூடியோவுக்கு வந்தாள். ஒல்லியான பெண், தூக்கமில்லாத கண். கைப்பையிலிருந்து மூன்று படங்களை எடுத்துக் கல்லா மேசை மேல் வரிசையாக வைத்தாள். ஓரமெல்லாம் மடங்கி, தொட்டுத் தொட்டு மங்கிப்போயிருந்த படங்கள்.

"இதெல்லாம் நீங்க எடுத்ததுதானே அண்ணா?"

"ஆமாம்மா."

"குழந்தைங்க பாதுகாப்பு ஆபீஸ்ல கேக்கறாங்க, இதுக்கு முன்னாடி ஏதாவது காயம் இருந்ததுக்குச் சாட்சி இருக்கான்னு. டாக்டரு, படில விழுந்தாலும் இப்படி ஒடையலாம்ங்கறாரு. ஸ்கூல்ல ஒண்ணும் தெரியாதுங்கறாங்க. இவளும் வாயத் தொறக்க மாட்டேங்கறா. உங்ககிட்ட இதோட நெகட்டிவோ என்னவோ இருக்குமே, அதப் பெருசாக்கிக் குடுங்க. ஏதாவது ஒரு சின்ன தழும்பாவது தெரியும்."

மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். இந்தத் தடவை வைத்தார்.

"சொல்லுங்க" என்றார் மனைவி.

டச்சப் சொன்னார். கன்னத்துத் திட்டு, உதட்டுக் கிழிசல், நாலு விரல். எந்தப் படத்தில் எந்த இடம் என்று விரலால் தொட்டுக் காட்டினார். காட்டிய இடத்திலெல்லாம் தோல் வழவழவென்று இருந்தது.

அவள் மெதுவாகத்தான் பேசினாள், சத்தம் போட்டிருந்தாலாவது அவருக்குத் தாங்கியிருக்கும். "ஏன் எடுத்தீங்க?"

"தானா போயிடற காயம்மா. போயிடறத எடுக்கறதுதான் வழக்கம்..."

"நான் நர்ஸுண்ணா. நாலு வெரலு பதிஞ்ச தடத்த நான் ஒரு பார்வையில கண்டுபிடிச்சிருப்பேன். அடுத்த பிளேன் புடிச்சு வந்திருப்பேன்." மூன்றாவது படத்தை எடுத்தாள். "இத என் கட்டில் பக்கத்துல ஒட்டி வெச்சிருந்தேன். தெனமும் டூட்டிக்குப் போறப்போ பாப்பேன். கூட இருக்கறவங்ககிட்ட, பாருங்க எம் பொண்ணு எவ்வளவு நல்லா இருக்கான்னு காட்டுவேன்."

அவர் அழுதார். அவள் அழவில்லை. "எதுக்கு அழறீங்க, வந்து சொல்லுங்க" என்றாள். "உங்க வாயாலயாவது சொல்லுங்க. வேற யாரும் இல்ல எனக்கு."

சொல்லத்தான் போனார். விசாரணை அறையில் ஒரு நீள மேசை, அதற்குப் பின்னால் குழந்தைகள் நலக் குழுவைச் சேர்ந்த மூன்று பேர், தலைக்கு மேல் கடகடவென்று ஒரு மின்விசிறி. பாதுகாப்பு அதிகாரியம்மா பாவம், கையில் வேறு பல பிள்ளைகளின் வழக்குக் கட்டுகளோடு வந்திருந்தார். உள்ளதைச் சொல்லுங்கள், பயப்படாதீர்கள் என்று அவரைத் தட்டிக்கொடுத்து அனுப்பினார். எதிரில் மருந்துக்கடைக்காரன், அதே இஸ்திரிச் சட்டை.

டச்சப் எல்லாவற்றையும் சொன்னார். எந்த வருஷம், எந்தப் பக்கம், எந்த நிறம், எவ்வளவு நீளம். முகத்தை அவரைப் போலப் பார்த்தவர் யார்? குழுவில் நடுவில் இருந்த பெண்மணி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். நர்ஸம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம் எல்லாம் சரியாகிவிடும் போலத்தான் இருந்தது.

அப்புறம் அவன் வக்கீல் எழுந்தார்.

"உங்கள எல்லாரும் என்னன்னு கூப்பிடுவாங்க?"

"டச்சப்."

"செத்துப்போனவரு கண்ணத் தொறந்து குடுத்தீங்களாமே, நெசமா?"

யாரோ சிரித்தார்கள். "ஆமாங்க."

"அப்ப, இல்லாதத வைப்பீங்க, இருக்கறத எடுப்பீங்க."

"எடுத்ததத்தாங்க சொல்றேன்."

"அசல் படம் எங்க?"

"அது மேலயே சேமிச்சுட்டேன்."

"மூணு வருஷம் பாத்தேங்கறீங்க. யாருகிட்ட சொன்னீங்க?"

"ஹெட்மிஸ்டிரஸ்கிட்ட சொன்னேங்க."

தலைமையாசிரியை எழுதிக் கொடுத்திருந்த தாளை வக்கீல் வாசித்தார். அப்படி ஒரு பேச்சு நடந்ததாக அவருக்கு நினைவில்லையாம். வக்கீல் மூன்று படங்களையும் குழுவின் முன்னால் வைத்தார். "இவரு படம் ஒண்ணு சொல்லுது, இவரு வாய் ஒண்ணு சொல்லுது. எது பொய்னு இவரே சொல்லட்டும்."

படம்தான் பொய் என்று டச்சப் சொன்னார். தன் தொழிலைப் பற்றி அவர் அதுவரை சொல்லாத வார்த்தை. ஆனால் மேசை மேல் இருந்த பிள்ளை பளிச்சென்று இருந்தாள். அவருடைய கைவேலை அவ்வளவு சுத்தம். அவர் பேசும்போதெல்லாம் மருந்துக்கடைக்காரன் தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு வார்த்தை விடாமல் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அணிலைத் தனி அறையில் வைத்துக் கேட்டார்கள். படியில் விழுந்தேன் என்றாள். அப்பா அடிப்பாரா என்று கேட்டதற்கு, அப்பா ரொம்ப நல்லவர், என் கைக்கு அவர்தான் கட்டுப் போட்டார் என்றாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நாம் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். யாரோ மூன்று பேர் முன்னால் உண்மையைச் சொல்லிவிட்டு, சாயங்காலம் அதே வீட்டுக்குப் போய் அதே கையால் சோறு வாங்கித் தின்ன வேண்டியவளுக்கு வாய் இருந்து என்ன?

போதுமான ஆதாரமில்லை என்று எழுதினார்கள். பிள்ளை வளர்ந்த வீட்டிலேயே, பள்ளிக்கூடம் மாறாமல் இருப்பதுதான் நல்லதாம். பிள்ளையை விட்டுவிட்டு வெளிநாட்டுக்குப் போன தாய் என்று ஒரு வரியும் அதில் இருந்தது. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் அறையில், அதிகாரி முன்னிலையில் அம்மா பார்த்துக்கொள்ளலாம். புதிதாக ஏதாவது ஆதாரம் கிடைத்தால் மறுபடி விசாரிக்கலாம்.

நர்ஸம்மா திரும்பிப் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் ஒற்றை அறை எடுத்துக்கொண்டு, ஒரு சின்ன கிளினிக்கில் ஊசி போடும் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தப் புது ஆதாரத்துக்காகத்தான் உட்கார்ந்திருந்தாள். படம் எடுக்கும் நாள் நெருங்கியபோது ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

"இந்த வருஷமும் நீங்கதானே எடுக்கறீங்க?"

ஆமாம், அவரேதான். இவ்வளவுக்கும் பிறகு பள்ளிக்கூடம் அவரையே கூப்பிட்டிருந்தது. மருந்துக்கடைக்காரனே சங்கத்தில் பெருந்தன்மையாகச் சிபாரிசு செய்தானாம், பாவம், வயசானவர், பிழைப்பைக் கெடுக்க வேண்டாம் என்று. அப்போதே டச்சப்புக்கு உறைத்திருக்க வேண்டும்.

"தொடாத படம் ஒண்ணு குடுங்கண்ணா. அது போதும் எனக்கு."

"சத்தியமா தொடமாட்டேன்" என்றார். கம்ப்யூட்டருக்குப் புதுசாக இன்னொரு வயிறு வாங்கிப் பொருத்தினார். அசல் அசலாகவே இருக்கும். என்ன கொடுமை பாருங்கள், அந்த இரண்டு பேரும், ஏன் டச்சப்பின் மனைவியும்கூட, அந்தப் பிள்ளையின் முகத்தில் ஒரு காயம் இருக்க வேண்டுமே என்று காத்திருந்தார்கள். அப்படி ஆசைப்படுகிற நிலைமைக்கு மனிதர்களைக் கொண்டுவந்து விட்டிருந்தது காலம்.

அன்று வராந்தாவில் திரையை நம்பர் போஸ்டரை மறைக்காமல் கொஞ்சம் தள்ளித் தொங்கவிட்டார். அணிலின் முறை வந்தது. வளர்ந்திருந்தாள். ஸ்டூலில் ஏற ஒரு கையை ஊன்றி, கொஞ்சம் நின்று, மெதுவாக உட்கார்ந்தாள். டச்சப் விளக்கைச் சரி செய்கிற சாக்கில் அவள் முகத்தை ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தார். கன்னம், உதடு, தாடை, காதுக்குப் பின்னால், கழுத்து.

ஒன்றுமில்லை. தோல் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டார்.

"இருக்கேன் மாமா." கேமராவைப் பார்த்துக்கொண்டே, பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்: "அப்பா சொன்னாரு, இந்த வருஷம் போட்டோ மாமாவுக்கு வேலையே இருக்காதுன்னு."

டச்சப் கேமராவிலிருந்து நிமிர்ந்தார். விசாரணை அறையில் அவன் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது கண்முன் வந்தது. எந்த இடம் படத்தில் விழும், எது விழாது என்று அவனுக்குப் பாடம் எடுத்தது யார்?

"எங்கயாவது வலிக்குதாம்மா?" குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

அவள் வரிசையைப் பார்த்தாள், வகுப்பு டீச்சரைப் பார்த்தாள். "சிரிக்கணுமா மாமா?" என்றாள்.

படம் எடுத்தார். வேறு என்ன செய்வது? இறங்கும்போதும் அவள் குனியவில்லை, உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பி, பலகையை இறக்குவது போலத் தன்னை இறக்கிக்கொண்டு போனாள்.

கடையில் நர்ஸம்மா காத்திருந்தாள். படத்தைத் திரையில் போட்டு, எவ்வளவு பெரிதாகுமோ அவ்வளவு பெரிதாக்கிக் காட்டினார். அவள் முதலில் முகத்தைத் தேடினாள், அவர் தேடிய அதே வரிசையில். பிறகு முகத்தை விட்டுவிட்டாள்.

"ஒரு தோளு எறங்கியிருக்கு பாருங்க. மூச்ச முழுசா இழுக்காம, பாதியில நிறுத்திட்டுச் சிரிக்கிறா." விரல் திரையின் கீழ் விளிம்பில், படம் முடிகிற இடத்தில் போய் நின்றது. "விலாவுல அடிச்சிருக்கான். இங்க, சட்டைக்குள்ள."

டச்சப் அப்போதே அதிகாரியம்மாவுக்குப் போன் செய்தார். இந்தத் தடவை பெயரைச் சொன்னார், கடையைச் சொன்னார், பள்ளிக்கூடத்தைச் சொன்னார். ஸ்டூலில் ஏறியது, இறங்கியது, அப்பா சொல்லி அனுப்பியது எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரியம்மா கேட்டுக்கொண்டார். "படத்துல ஏதாவது தெரியுதா சார்?" என்றார்.

"முகத்துல ஒண்ணுமில்லீங்க. ஆனா அவங்கம்மா..."

"அம்மா சொல்றது எடுபடாது சார். நீங்க சொல்றதும் எடுபடாது, போன தடவ பாத்தீங்கல்ல. வீட்டுக்குப் போயி பாக்கறேன். ஆனா முடிச்ச கேஸு, அவருக்கு முன்கூட்டியே தகவல் குடுத்துட்டுத்தான் போக முடியும். அவரும் வக்கீல கூட வெச்சுக்குவாரு. எனக்கும் தெரியுது சார். தெரிஞ்சு என்ன பண்றது."

நர்ஸம்மா கேட்டபடி ஒரு பெரிய படம் அச்சுப் போட்டார்கள். மனைவி வழக்கம்போலத் தோளுக்குக் கீழே அளவு வைத்துக் கத்தரிக்கப் போனவர், கத்தரிக்காமல் வெள்ளை ஓரத்தோடு அப்படியே உறையில் போட்டுக் கொடுத்தார். அவள் அதைப் பிரித்து மறுபடி பார்த்துவிட்டு, நெஞ்சோடு வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். மற்ற பிள்ளைகளின் படங்கள் வேலைக்குக் காத்திருந்தன. டச்சப் உட்கார்ந்தார், ஆனால் எதையும் தொடவில்லை. திரையில் அணில்தான் இருந்தாள். அவள் முதல் வருஷம் உட்கார்ந்ததிலிருந்து அவரிடம் மிஞ்சிய ஒரே அசல் படம் அது. அவர் எடுத்ததிலேயே அதுதான் நன்றாக வந்திருந்தது.